படகெலும்பு

நவம்பர், புதன்கிழமை ராத்திரி.
எண்ணெய்ச் சட்டியை அணைத்துவிட்டு
ஸ்டாவ்ரோ டிவியை ஐஸ்பெட்டி மேல் ஏற்றினான்.
வெளியே கோதுமை லாரிகள்
களஞ்சியத்துக்கு வரிசை கட்டி நின்றன.
கடையின் கண்ணாடிக் கதவில் அத்தனை தூசு,
விரலால் பெயர் எழுதலாம்.
கிளெனிஸ் எழுதியே விட்டாள்:
பெல்ஷா, 7.

பதினாலு தோல்வி, ஒரு சமன்,
நடுவில் ஓடிப்போன ஒரு பயிற்சியாளர்.
அவ்வளவுக்கும் கூலியாக
எங்கள் பெலிக்கன் கிளப்புக்கு
ஏழாவதாகக் கைநீட்டும் உரிமை.

நாட்டின் பதினெட்டு வயதுப் பையன்கள் எல்லோரும்
எங்கள் மேசையில், வினிகர் ஊறிய காகிதத்தில்
வறுவலாகக் கிடந்தார்கள்.
இவன் நீளம், ஆனால் தொய்வு.
இவன் வெளியே மொறுமொறு, உள்ளே வெறும் மாவு.
வாரன் டயர் கடைக்காரன்,
தேய்மானம் பார்க்காமல் பேச மாட்டான்:
"டாஸ்மேனியாக்காரனுக்கு இடது கால் ஊன்றத்தான்.
பெர்த் பையன் அம்மா பிள்ளை,
இரண்டு வருஷத்தில் பெட்டியைக் கட்டுவான்."
கிளெனிஸ் தபால் ஆபீஸ் ரசீது நோட்டின் பின்பக்கம்
எல்லாம் குறித்திருந்தாள்.
இருபது மீட்டர் ஓட்டம், நின்ற இடத்து எம்பல்,
உள்ளங்கை அகலம், அப்பா உயரம், அம்மா உயரம்.
பல்லைப் பிடித்துப் பார்க்காத குறை.

பெல்ஷா பையன் என்றதும்
மூன்று குரலும் ஒரே குரல்.
பக்கத்து ஊர்க்காரன்தான், அதனால் என்ன,
அவன் அப்பாவின் அறுவடை எந்திரம்
நம் ரோட்டை அடைத்துக்கொண்டுதானே போகிறது?
ஆறு பேர் கண்ணில் படாமல்
அவன் மிச்சமிருந்தால் போதும்.
"நீ ஏன் வாயைத் திறக்கவில்லை, மார்னி?"

வறுவலுக்கு உப்புப் போட்டேன்.
ஏற்கெனவே போட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள் நான்.
செப்டம்பரில் ஒரு மத்தியானம்
ஆங்கஸ் பெல்ஷா கட்டிலில் ஏறாமல் நின்று கேட்டான்,
"காலுறையைக் கழற்றித்தான் ஆகணுமா?
பயிற்சியிலிருந்து நேரே வந்தேன், நாறும்."
காது வரைக்கும் சிவந்திருந்தான்.
பாதத்தின் நடுவில் ஓர் எலும்பு,
படகு மாதிரி இருப்பதால் பெயரும் அதுவே.
அந்தப் படகின் விளிம்பில்
மயிரிழைக் கோடு ஒன்று
இருந்தது,
அல்லது இருந்ததாக எனக்குப் பட்டது.
படம் பிடிப்பதுதான் என் வேலை, படிப்பது டாக்டர் வேலை.
அந்த வாய்ப்பூட்டுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

சம்பளம் வாங்காத ஒருத்தியும் இருக்கிறாள்,
முப்பத்தொரு வருஷப் பெலிக்கன் ரசிகை,
என் தொண்டைக்குள் நின்று மேசையைத் தட்டுகிறாள்:
வேண்டாம், டாஸ்மேனியாக்காரனை எடு,
ஒற்றைக் காலானாலும் முழுக் கால்.
கிளப்புக்கு மருத்துவர்கள் இல்லையா?
இருக்கிறார்கள். பார்த்திருப்பார்கள்.
பார்த்தும் துணிந்திருப்பார்கள்,
அல்லது அந்தப் படம் இன்னும் ஏதோ ஒரு மேசையில்
காபிக் கோப்பைக்கு அடியில் கிடக்கலாம்.

ஐந்தாவது பெயர்.
ஆறாவது.
கிளெனிஸ் என் முழங்கையைக் கிள்ளினாள்.
நான் இரண்டையும் வேண்டிக்கொண்டேன்:
எங்கள் கிளப் அவனைத் தொட வேண்டாம்,
இன்று ராத்திரிக்குள் யாராவது
அவன் பெயரைச் சொல்லிவிடட்டும்.
எந்தச் சாமிக்கும் இப்படி ஒரு மனு
போயிருக்காது.

"ஏழு. பெலிக்கன். ஆங்கஸ் பெல்ஷா."

ஸ்டாவ்ரோ ஊறுகாய் வெங்காய ஜாடியைத்
தட்டிவிட்டான், யாரும் குனியவில்லை.
கொக்குக்கால் என்று ஏப்ரலில் கேலி செய்த வாரன்
"ஏப்ரலிலேயே சொன்னேனே" என்று
எல்லோரையும் சாட்சிக்கு இழுத்தான்.
கிளெனிஸ் கதவுக்கு ஓடிப்போய்
ஏழைச் சுற்றி வட்டம் போட்டாள்.

திரையில் பையன் எழுந்தான்.
அம்மா அவன் கழுத்தை விடவில்லை.
மூவரும் முகத்தைப் பார்த்தார்கள்.
மேடைக்கு மூன்று படி.
புதுச் செருப்புக் கடையின் அட்டை வாசம் போகாத
கறுப்பு ஷூ.
முதல் படிக்கு இடது.
இரண்டாவதற்கும் இடது.
மூன்றாவதில் கேமரா மேலே போய்விட்டது.

கடை முழுக்க ஒரே கூச்சல்.
நானும் கத்தினேன்.
நிஜமாகவே கத்தினேன்.